வறண்ட முகத்துக்கு எந்த ஃபவுண்டேஷன், எந்தப் பிரைமர்? வட சென்னை வெயிலை வைத்து ஓர் ஒப்பீடு

வண்ணாரப்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒரு ஃபேன்ஸி கடைக்குள் போய் ஃபவுண்டேஷன் கேட்டால், கவுன்ட்டரில் நிற்கும் பெண் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் பளபளப்பில்லாமல் காயும் மேட் ரகமாகத்தான் இருக்கும். "நம்ம வெயிலுக்கு இதாங்கா நிக்கும்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு எண்ணெய் வழியும் முகம். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. வீட்டுக்கு வந்து மொபைலைத் திறந்தால் நேர்மாறான உபதேசம் கிடைக்கும். வறண்ட சருமமா, பளபளப்பான ட்யூயி ஃபவுண்டேஷன் போடுங்கள், அதற்கு அடியில் இரண்டு சொட்டு ஃபேஸ் ஆயில் விடுங்கள் என்பார்கள். அந்த வீடியோக்களில் பல, ஜன்னலுக்கு வெளியே பனி விழும் ஊர்களில் எடுத்தவை.

நம் பாடு இரண்டுக்கும் நடுவில். கன்னம் வறண்டு இழுக்கும்; அதே கன்னத்தில், மே மாதம் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வந்து சேர்வதற்குள் வியர்வையும் கொட்டும். மேட் போட்டால் வாயோரம் வெடிக்கிறது, ட்யூயி போட்டால் கழுத்துக்கு இறங்குகிறது. அதனால் என் கட்சி இதுதான்: முகத்தை மட்டும் பார்த்துப் பொருள் வாங்கக் கூடாது. அதைப் பூசிக்கொண்டு அன்றைக்கு எங்கே இருக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், கையில் காசு குறைவாக இருந்தால் அதை, ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரில் போடாமல் மாய்ஸ்சரைசரில் போட வேண்டும்.

முதலில், முகம் நிஜமாகவே வறண்டதா?

மென்மையான ஃபேஸ்வாஷில் முகம் கழுவி, துடைத்து, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஃபேனுக்கு நேராக உட்கார வேண்டாம். முகம் முழுக்க இழுத்துப் பிடித்து, மூக்கில்கூட மினுமினுப்பு இல்லாமல், கன்னத்திலும் புருவத்துக்கு நடுவிலும் செதில் தெரிந்தால் அது வறண்ட சருமம். கன்னம் இழுக்கிறது, ஆனால் மூக்கும் நெற்றியும் பளபளக்கின்றன என்றால் எண்ணெய் சுரக்கிறது, நீர்ச்சத்துதான் போதவில்லை. இரண்டாவது வகைக்காரர்கள் தங்களை வறண்ட சருமம் என்று நினைத்துக் கனமான க்ரீமும் ட்யூயி ஃபவுண்டேஷனும் வாங்கிவிட்டு, மதியத்துக்குள் முகம் எண்ணெய்ச் சட்டி ஆகிவிட்டது என்று திட்டுவார்கள்.

கடலோரம் இருக்கிறோம், காற்றில் இவ்வளவு ஈரப்பதம் இருக்கிறது, அப்புறம் எப்படி முகம் வறளும் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றைவிடத் தண்ணீர்தான் முதல் சந்தேகத்துக்குரியது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறிக் கிடக்கிறது. கடினமான தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஒரு படிவாகத் தோலிலேயே தங்கும். கழுவக் கழுவ இழுக்கும். அதற்கு மேல் நாள் முழுக்க ஏசி அலுவலகம், குளியல் சோப்பிலேயே முகமும் கழுவுவது, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, தைராய்டு குறைபாடு என்று காரணங்கள் நீளும். தண்ணீருக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. மேக்கப் போடும் நாளில் மட்டுமாவது கடைசிக் கழுவலைக் கேன் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துச் செய்யுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சிவப்பழகுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசிய ட்யூப் க்ரீமால் தோல் மெலிந்து, எரிந்து, வறண்டு போனவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அவர்கள் ஃபவுண்டேஷனை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேராகப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போகட்டும். க்ரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து கொதிக்கும் என்பதால், நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பிரைமர்: நான்கு வழிகள்

கடையில் கிடைக்கும் பிரைமர்களில் பெரும்பான்மை சிலிகான் ரகம். பொருள்பட்டியலில் முதல் சில பெயர்களுக்குள் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று 'கோன்', 'சிலாக்சேன்' என முடிபவை இருந்தால் அதுதான். விரலில் எடுத்தால் வெல்வெட் போல வழுக்கும். துவாரங்களையும் சின்னச் சின்னக் குழிகளையும் நிரப்பி முகத்தைச் சமமாகக் காட்டும். எண்ணெய்ச் சருமத்துக்கும் பெரிய துவாரங்களுக்கும் அது நன்றாகவே வேலை செய்யும். வறண்ட சருமத்துக்கு அது ஈரம் தராது. ஏற்கெனவே இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே ஈரமே இல்லாத முகத்தில் நேராகப் பூசினால் செதில்களைச் சுற்றிச் சேர்ந்து நின்று, மேலே ஃபவுண்டேஷன் போய்த் தேய்த்ததும் உருண்டு உருண்டு திரியாக வரும். நல்ல மாய்ஸ்சரைசர் ஊறிய பிறகு மூக்கோரத்திலும் கன்னத்து மேட்டிலும் மட்டும் கொஞ்சம் தொட்டு அழுத்தினால் பிரச்சினை இல்லை. மூன்று மணி நேரம் ஏசி மண்டபத்தில் உட்காரப்போகிறவர்களுக்கு அந்த மூடி உதவவே செய்யும்.

இரண்டாவது, நீர் ஜெல் ரகம். கிளிசரின், ஹைலூரோனிக் ஆசிட், கற்றாழை, பான்தெனால் போன்றவை முன்னால் நிற்கும். பெட்டியில் 'ஹைட்ரேட்டிங்' என்று போட்டிருக்கும். நம் ஊருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கிளிசரின் போன்றவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை. ஈரப்பதம் நிறைந்த காற்றில் அவற்றின் வேலை சுலபமாகிறது. அதனால் குளிர் தேசத்தில் கெட்டி க்ரீம் செய்யும் வேலையை இங்கே ஒரு லேசான ஜெல்லே செய்துவிடும், கூடவே வியர்வையில் வழுக்காது. ஆனால் காற்றின் ஈரத்தை ஏசி உறிஞ்சிவிடும். அங்கே வெறும் ஜெல் மட்டும் போட்டால் ஒரு மணி நேரத்தில் முகம் மறுபடி இழுக்கும். அதன்மேல் மெல்லிய க்ரீம் ஒரு படலம் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் அல்லது மினுக்கு ரகம். ஃபேஸ் ஆயில் பிரைமர், ஸ்ட்ரோப் க்ரீம், இல்லுமினேட்டிங் பிரைமர் எல்லாம் இதில் அடங்கும். மார்கழி, தை மாதத்து அதிகாலைக்கு அழகாக இருக்கும். சித்திரையில் வேண்டாம். மினுக்குத் துகள் உள்ளவை செதிலை மறைக்காமல் வெளிச்சம் போட்டுக் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை அடியில் தேய்த்துக்கொண்டு மேலே ஃபவுண்டேஷன் போடும் பழக்கமும் இருக்கிறது. எண்ணெய் மேலாகவே நிற்பதால் ஃபவுண்டேஷன் பிடிமானம் இல்லாமல் நகரும். பரு வரும் முகமாக இருந்தால் துவாரத்தையும் அடைக்கலாம்.

நான்காவது வழி, பிரைமரே வாங்காமல் இருப்பது. உண்மையைச் சொன்னால், வறண்ட சருமக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும். கிளிசரினும் செராமைடும் உள்ள, வாசனை குறைந்த ஒரு மாய்ஸ்சரைசர் நன்றாக ஊறியிருந்தால், ஜெல் பிரைமர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். பிரைமர் விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். மாய்ஸ்சரைசரைத் தினமும் இரண்டு வேளை பூசுவோம். ஒரு வாரம் ஒழுங்காகப் பூசி வந்த முகத்தில் ஃபவுண்டேஷன் உட்காரும் விதமே வேறு. அம்மாக்களின் பன்னீர்-கிளிசரின் கலவையும் இதில் சேர்த்திதான். கிளிசரினை அப்படியே பூசினால் பிசுபிசுப்பு. பன்னீரில் கலந்து, ஈர முகத்தில் லேசாகத் தடவினால் காசு குறைந்த ஜெல் பிரைமர்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: தண்ணீர் சார்ந்த பிரைமருக்கு மேல் சிலிகான் ஃபவுண்டேஷன் போடலாமா? இனத்தோடு இனம் சேர வேண்டும் என்று ஒரு விதி உலவுகிறது. தோராயமாகச் சரி. ஆனால் தண்ணீர் முதலில் இருக்கும் ஃபவுண்டேஷன்களிலும் பெரும்பாலும் சிலிகான் கலந்தே இருக்கும். அதனால் பட்டியலை வைத்து ஜோசியம் பார்ப்பதைவிட, புறங்கையில் பிரைமரைத் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, மேலே ஃபவுண்டேஷனைத் தேய்த்துப் பாருங்கள். திரிந்தால் ஒத்துவராது.

ஃபவுண்டேஷன்: எதை, எங்கே

மேட் திரவத்தில் சிலிக்கா, கேயோலின் போன்ற எண்ணெய் உறிஞ்சும் பொடிகள் இருக்கும். சீக்கிரம் ஆவியாகும் சிலிகானோ ஆல்கஹாலோ கலந்திருப்பதால் பூசியதும் காய்ந்து படலமாக இறுகும். வியர்வைக்கு அது தாங்குவதும் அதனால்தான், வறண்ட முகத்தில் சிரிப்புக் கோட்டிலும் கண்ணுக்குக் கீழும் வெடிப்பதும் அதனால்தான். ட்யூயியில் எண்ணெய்ப் பசையும் கிளிசரினும் கூடுதல். தோலோடு தோலாக இருக்கும். ஆனால் முழுதாகக் காயாது. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிற பெண்களுக்குத் தெரியும், கன்னத்தில் போட்டதில் பாதி ஹெல்மெட் பஞ்சில் இருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலோ மணலிப் பக்கமோ கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: காயாத முகத்தில் தூசி வந்து ஒட்டும்.

இரண்டுக்கும் நடுவில் சாட்டின் என்றும் நேச்சுரல் ஃபினிஷ் என்றும் ஒரு ரகம் இருக்கிறது. பளபளப்பும் இல்லை, மாவு பூசியது போலவும் இல்லை. வறண்ட முகத்துக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கடையில் கேட்கும்போது பிராண்டு பெயரோடு நிறுத்தாதீர்கள். மேபெலின் ஃபிட் மீயை எடுத்துக்கொண்டால் அதிலேயே மேட் ப்ளஸ் போர்லெஸ் என்று ஒன்று, ட்யூயி ப்ளஸ் ஸ்மூத் என்று ஒன்று உண்டு. முதலாவது சாதாரணம் முதல் எண்ணெய்ச் சருமம் வரைக்கும், இரண்டாவது சாதாரணம் முதல் வறண்ட சருமம் வரைக்கும். "ஃபிட் மீ குடுங்க" என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் முதலாவதுதான்.

ஏற்கெனவே மேட் வாங்கித் தொலைத்தாயிற்றா? தூக்கிப் போட வேண்டாம். புறங்கையில் பட்டாணி அளவு ஃபவுண்டேஷனும் அதில் பாதி மாய்ஸ்சரைசரும் எடுத்துக் குழைத்துப் பூசினால் இறுக்கம் தணியும். மறைக்கும் திறன் குறையும், நிற்கும் நேரமும் குறையும். அதற்குச் சம்மதம் என்றால் சரி. சன்ஸ்கிரீனை மட்டும் இப்படிக் கலக்காதீர்கள், அதன் பாதுகாப்புப் படலம் கெட்டுப்போகும்.

பிபி க்ரீம், ஸ்கின் டின்ட் போன்ற மெல்லிய ரகங்கள் தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல தேர்வு. படலம் மெலிதாக இருந்தால் வெடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கரும்புள்ளியோ மங்கோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கன்சீலர் தொட்டுக்கொள்ளலாம். இவற்றிலும் சில ஃபவுண்டேஷன்களிலும் எஸ்.பி.எஃப். எண் போட்டிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. அந்த எண்ணைப் பரிசோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுகிறார்கள். அவ்வளவு ஃபவுண்டேஷனை முகத்தில் பூசிக்கொண்டு யாரும் தெருவில் இறங்க முடியாது.

ஸ்டிக் ஃபவுண்டேஷனின் அடிப்படை மெழுகும் எண்ணெயும். அதனால் வறண்ட சருமத்தில் உறுத்தாது, மறைக்கும் திறனும் அதிகம். கல்யாணப் பெண்ணுக்குப் போடும் மேக்கப்காரர்கள் பலர் ஜெர்மன் கம்பெனியான கிரையோலானின் டிவி பெயின்ட் ஸ்டிக்கைப் பெட்டியில் வைத்திருப்பது இதற்காகத்தான். அது கேமராவுக்கும் மேடை விளக்குக்கும் ஆனது, வெப்பத்தில் இளகும், மேலே பவுடர் போட்டுப் பூட்டியே ஆக வேண்டும். விருந்தாளியாகப் போகிறவருக்கு அது தேவையே இல்லை. கல்யாணப் பெண்ணாக இருந்தாலும், "முழு முகத்துக்கும் வேண்டாம், தேவையான இடத்துல மட்டும் மெல்லிசா போடுங்க" என்று மேக்கப் போடுபவரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

பவுடர் ஃபவுண்டேஷன், காம்பாக்ட், பழைய பான்கேக் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வறண்ட முகத்துக்கு வேண்டாம். முகம் கழுவிய கையோடு டால்கம் பவுடர் அடித்துக்கொண்டு கிளம்பும் வழக்கத்துக்கும் இதே பதில்தான்.

இடத்தை வைத்துச் சொல்கிறேன். மாலை ரிசப்ஷன், ஏசி மண்டபம், காரிலோ ஆட்டோவிலோ போய் இறங்குகிறீர்கள்: தயங்காமல் ட்யூயி அல்லது சாட்டின், அடியில் க்ரீம். விடிகாலை முகூர்த்தம், ஃபேன் மட்டும் சுற்றும் மண்டபம், பக்கத்தில் ஹோமப் புகை: சாட்டின், அடியில் ஜெல் மட்டும். வைகாசி மாதத்தில் ராயபுரம் செயின்ட் பீட்டர்ஸ் போன்ற ஒரு சர்ச்சில் மதியத்துக்கு முன்பு கல்யாணம், அதற்கப்புறம் வெளியில் நின்று போட்டோ: ஸ்கின் டின்ட், தேவையான இடத்தில் கன்சீலர், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பகல் நிகழ்ச்சி என்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம். ராத்திரி ரிசப்ஷனுக்கு அது வேண்டாம். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு அதிகம் உள்ள சன்ஸ்கிரீன் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை மட்டும் வெளுப்பாகக் காட்டிவிடும்.

நிறத்தில்தான் பெரும்பாலான முகம் கெடுகிறது

ரகம் சரியாக வாங்கி ஷேடில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். "ரெண்டு ஷேடு வெளுப்பா வாங்குடி, கல்யாண வீட்டுல எடுப்பா தெரியும்" என்று சொல்ல ஒரு அத்தையோ பெரியம்மாவோ எல்லா வீட்டிலும் இருப்பார். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளுத்த ஷேடு போட்டால் முகம் வெளுக்காது, சாம்பல் பூக்கும். வெளுத்த ஷேடுகளில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி கூடுதல். கருமையான தோலின்மேல் அது மெல்லிய படலமாக நிற்கும்போது சாம்பலாகத் தெரிகிறது. வறண்ட முகத்தில் கேடு இரட்டிப்பு, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக வெள்ளை கட்டும்.

மணிக்கட்டிலோ புறங்கையிலோ பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில், கழுத்தோடு சேரும் இடத்தில் மூன்று ஷேடுகளைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து வெயில் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. உடனே பில் போடவும் வேண்டாம். சில ஃபவுண்டேஷன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு படி கருத்துவிடும். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

அடிச்சாயம் என்று ஒன்று உண்டு. ஒரே அளவு கறுப்பாக இருக்கும் இருவரில் ஒருவருக்குப் பொன்னிறம் ஓடும், இன்னொருவருக்குச் செம்பழுப்பு. நம்மில் பலருக்கு மஞ்சள், பொன் சாயம் கலந்த ஷேடுதான் பொருந்தும். மேக் கம்பெனியின் ஷேடுகளில் என்.சி. என்று தொடங்குபவை பொன்-மஞ்சள் சாயம் உள்ள தோலுக்கு, என்.டபிள்யூ. என்பவை இளஞ்சிவப்புச் சாயத்துக்கு. எழுத்தைப் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய. 2017-ல் ஃபென்டி பியூட்டி எடுத்த எடுப்பில் 40 ஷேடுகளோடு வந்த பிறகு, கருமையான ஷேடுகளைக் கூட்டும் கட்டாயம் மற்ற கம்பெனிகளுக்கும் வந்தது. ஆனாலும் சின்னக் கடைகளில் அந்த ஷேடுகளை ஸ்டாக் எடுப்பதில்லை. இருப்பதில் கருப்பானது எதுவோ அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டப்பாவுக்குள் பஞ்சில் ஊறிய ஃபவுண்டேஷனாக வரும் கொரியன் குஷன் வகைகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஈரப்பசை நன்றாக இருக்கும், நம் நிறம்தான் கிடைக்காது.

நலங்கு வைத்த பெண்ணுக்கு ஷேடு பார்ப்பதாக இருந்தால், மஞ்சள் தேய்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மஞ்சள் ஏறிய முகத்தில் பொருந்திய ஷேடு, அது மங்கிய பிறகு பொருந்தாது. கடலை மாவு, பயத்த மாவு தேய்த்த முகத்தில் எண்ணெய்ப் பசை துளியும் மிஞ்சாது என்பதால், அன்று மாய்ஸ்சரைசர் இருமடங்கு. பார்லரில் ப்ளீச் செய்வதாக இருந்தால் விசேஷத்துக்கு நான்கைந்து நாள் முன்பே முடித்துவிட வேண்டும்; முதல் நாள் ப்ளீச், மறுநாள் ஃபவுண்டேஷன் என்றால் எரிச்சலும் செதிலும் நிச்சயம்.

போடும் விதம்

செதில் இருந்தால் இரண்டு நாள் முன்பே கவனியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்தால் போதும். வால்நட் ஸ்க்ரப், சர்க்கரை ஸ்க்ரப் எல்லாம் வறண்ட தோலைக் கீறும். மேக்கப் போடும் நாளில் எதையும் தேய்க்காதீர்கள்.

முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் மிச்சம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். அப்புறம் பத்து நிமிடம் முகத்தைத் தொடாதீர்கள்; புடவைக்கு மடிப்பு வைக்கலாம், தலை பின்னலாம். அவசரப்படுகிறவர்களின் மேக்கப் திரிவதற்குப் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடம்தான் காரணம், பொருள் அல்ல. பிறகு டிஷ்யூவை முகத்தின்மேல் வைத்து ஒரு அழுத்து, மேலே நிற்கும் பசையை அது எடுத்துக்கொள்ளும். பிடிவாதமான செதில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அரிசி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை அந்த இடத்தில் மட்டும் அழுத்துங்கள். பிரைமர் போடுவதானால் இப்போது, அதற்கு இரண்டு மூன்று நிமிடம்.

ஃபவுண்டேஷனை விரலால் போடலாமா, பிரஷ்ஷா, ஸ்பாஞ்சா? வறண்ட முகத்துக்குப் பிரஷ் கடைசி. அதன் முடி செதிலைக் கிளப்பிவிடும், கோடு கோடாகவும் விழும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முழுக்க ஊறவைத்து, ஒரு துண்டில் சுருட்டிப் பிழிந்து, சொட்டாத ஈரத்தோடு எடுத்துக்கொண்டு ஒற்றி ஒற்றிப் போடுவதே நல்லது. இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஸ்பாஞ்ச் இல்லை என்றால் விரல் போதும். விரல் சூட்டில் ஃபவுண்டேஷன் இளகித் தோலோடு சேரும், சாட்டினுக்கும் ஸ்டிக்குக்கும் விரலே இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். மூக்கு, கன்னத்தின் நடுப்பகுதி, தாடையில் தொடங்கி வெளிப்பக்கம் போகப் போக மெலிய வேண்டும். முகம் முழுவதுக்கும் ஒரு பம்ப்பே அதிகம், பாதியில் தொடங்குங்கள். காதும் கழுத்தும் மிச்சத்தில் முடிந்துவிடும். ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் கழுவி நிழலில் நன்றாகக் காயவையுங்கள், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

பவுடர் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே வியர்க்கும். மூக்கின் இரு பக்கம், மேலுதடு, நெற்றி நடு, இவ்வளவு இடத்தில் மட்டும் சின்னப் பிரஷ்ஷால் லூஸ் பவுடரைத் தொட்டு வையுங்கள். கன்னத்தையும் கண்ணுக்குக் கீழேயும் விட்டுவிடுங்கள். கடைசியில் செட்டிங் ஸ்பிரே அடிப்பதானால் ஆல்கஹால் முன்னால் இல்லாததாகப் பாருங்கள். வியர்த்தால் கர்ச்சீப்பால் துடைக்காமல் டிஷ்யூவை வைத்து ஒற்றுங்கள். ஏசியில் முகம் இழுக்கத் தொடங்கினால் பவுடருக்கு மேல் பவுடர் போடாமல், கொஞ்சம் பன்னீர் தெளித்து ஈர ஸ்பாஞ்சால் அழுத்தினால் பழைய படலமே மறுபடி உயிர் பெறும்.

எங்கே வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது

சௌகார்பேட்டைச் சந்துகளில் மொத்த விலைக்கு மேக்கப் சாமான் கிடைக்கும். ஸ்பாஞ்ச், பிரஷ், ஹேர்பின், வளையல், பொட்டு என்றால் அங்கேயே வாங்குங்கள், அந்த விலை வேறெங்கும் வராது. முகத்தில் மணிக்கணக்கில் இருக்கும் திரவத்தை அங்கே வாங்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 3000 ரூபாய்க்கு மேல் விற்கும் பெரிய பிராண்டு ஃபவுண்டேஷன் 300 ரூபாய்க்குக் கிடைத்தால் அது என்னவென்று சொல்லவே வேண்டியதில்லை. பெட்டியில் தயாரிப்பு உரிம எண்ணோ இறக்குமதிப் பதிவு எண்ணோ, பேட்ச் எண், பொருள்பட்டியல், எந்தத் தேதிக்கு முன் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியிலும் பாட்டிலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஆன்லைனில் விலை குறைவுதான், ஆனால் ஷேடு பார்க்க முடியாது. அதனால் முதல் பாட்டிலைக் கடையில் பார்த்து வாங்கிவிட்டு, அடுத்த பாட்டிலுக்கு ஆன்லைன் போகலாம்.

1500 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் நான் பிரிக்கும் விதம் இது. மாய்ஸ்சரைசருக்கு 400, நடுத்தர விலையில் ஒரு சாட்டின் ஃபவுண்டேஷனுக்கு 600, சன்ஸ்கிரீனுக்கு 400. மிச்சம் ஸ்பாஞ்சுக்கு. பிரைமர் இந்தக் கணக்கில் இல்லை. 3000 இருந்தாலும் பிரைமரை முதலில் சேர்க்க மாட்டேன். நிறம் இன்னும் துல்லியமாகப் பொருந்தும் ஃபவுண்டேஷனுக்கு அந்தப் பணம் போகும். அதற்கும் மேல் மிஞ்சினால் ஒரு ஹைட்ரேட்டிங் ஜெல், சின்ன ட்யூப்.

திறந்த பாட்டிலின் அடியில் மூடி திறந்த டப்பா படமும் '12 எம்' போன்ற எழுத்தும் இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்கு மட்டும் மேக்கப் போடுகிறவர்கள் 30 மில்லி பாட்டில் வாங்கி மூன்று வருஷம் வைத்திருப்பதைவிட, மினி சைஸ் கிடைத்தால் அதை வாங்குவது லாபம்.

ராத்திரி எவ்வளவு நேரமாகித் திரும்பினாலும் கழுவாமல் படுக்க வேண்டாம். சிலிகானும் மெழுகும் சோப்புத் தண்ணீருக்கு ஒழுங்காகப் போகாது. போகவில்லையே என்று இரண்டு மூன்று முறை சோப்பு போட்டால், அதுவும் போர் தண்ணீரில், அடுத்த நாள் முகம் காகிதமாக இழுக்கும். தேங்காய் எண்ணெய்க்கு வேலை இங்கேதான். உலர்ந்த முகத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெயை மெதுவாகத் தேய்த்து, எல்லாம் கரைந்ததும் ஈரத் துணியால் துடைத்து, அப்புறம் ஒரே ஒரு முறை ஃபேஸ்வாஷ். பரு வரும் முகம் என்றால் எண்ணெய்க்குப் பதில், மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லர் வாட்டர். துடைத்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரைப் பூசிவிட்டுப் படுங்கள்.